மங்க் பாத்திரத்தை உருவாக்கி ஆடுவது எப்படி: பர்மா மேசைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை மேசையாட்டத்தை ஆட வரும் புதியவர், வெறுங்கையால் சண்டையிடும் மங்க் என்ற வகுப்பை (பாத்திர வகை) எடுத்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். மூன்றாவது சண்டைக்குள் தரையில் கிடப்பார். அல்லது இந்தப் பாத்திரத்தால் என்ன பயன் என்று சலித்துப்போவார். கவசமணிந்த ஃபைட்டரைப் போல முன்னால் போய் நின்று அடி வாங்குவதுதான் இரண்டுக்கும் காரணம். மங்குக்குக் கவசமும் கிடையாது, கேடயமும் கிடையாது. அதன் கையில் இருப்பது வேகம், ஒரு டர்னில் பல அடிகள், சிறப்பு வித்தைகளுக்குச் செலவழிக்கக் கொஞ்சம் ஃபோகஸ் பாயிண்ட். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரிந்தவர் கையில் மங்க் மேசையின் போக்கையே மாற்றும். வரிசை தெரியாதவர் கையில் வெறும் எட்டுப்பக்கப் பகடைதான். கீழே உள்ள எல்லாமே அந்த வரிசைக்காகத்தான்.

முதலில் எந்த விதி என்று முடிவு செய்யுங்கள்

2014 விதி, 2024 விதி என்று இப்போது இரண்டு புழக்கத்தில் உள்ளன. வேறெந்த வகுப்பையும்விட மங்குக்கு இந்த வித்தியாசம் அதிகம் உறைக்கும். இந்த வழிகாட்டி 2024 விதியை வைத்து எழுதப்பட்டது. யாங்கோனிலோ மௌல்மியேனிலோ அச்சுப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். எஸ்.ஆர்.டி. 5.2 என்ற இலவச விதித்தொகுப்பு 2025 ஏப்ரலில் வந்தது; மங்க் வகுப்பு இருபது லெவலும், ஓப்பன் ஹேண்ட் என்ற துணைவகுப்பும் அதிலேயே முழுதாக உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதைத் தமிழில் எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கவும் தடையில்லை. இணையம் கிடைக்கிற நேரத்தில் ஒருமுறை இறக்கிப் போனில் வைத்துக்கொண்டால் போதும்.

பழைய 2014 விதியில் ஆடும் மேசை என்றால் இவற்றை நினைவில் வையுங்கள். ஃபோகஸுக்கு அங்கே கி என்று பெயர். ஆரம்ப அடிப் பகடை (வெறுங்கை அடியின் சேதத்துக்குப் போடுவது) டி4, அதாவது நான்கு பக்கப் பகடை. அட்டாக் ஆக்‌ஷன் எடுத்தால்தான் (அதாவது டர்னின் முக்கியச் செயலாகத் தாக்கினால்தான்) கூடுதல் சிறு செயலான போனஸில் ஒரு அடி கிடைக்கும். போனஸ் ஆக்‌ஷனில் விலகுவதற்கும் ஓடுவதற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கி செலவாகும். அம்பு போல எறிந்து வருவதை மட்டுமே தடுக்க முடியும். வாள் வெட்டைத் தடுக்க முடியாது. எதிரியைச் செயலிழக்க வைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கை ஒரே டர்னில் எத்தனை முறையும் முயலலாம். ஒருவர் பழைய விதியும் மற்றவர் புதிய விதியும் மனதில் வைத்து ஆடினால் சண்டை மேசைக்கு வெளியே வரும். முதல் நாளே, ஆட்டத்தை நடத்தும் டி.எம்.மிடம் கேட்டுவிடுங்கள்.

காவி உடுத்தவரா, கையில் துணி சுற்றியவரா

மங்க் என்ற வகுப்பு இந்த ஆட்டத்துக்குள் 1975இலேயே வந்துவிட்டது. அதன் உருவம் கிழக்காசியத் தற்காப்புக்கலைக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. நாம் தினமும் காலையில் திருவோட்டுடன் வீதியில் பார்க்கும் பொங்கி (பௌத்தத் துறவி) அதில் இல்லை. 227 விதிகளைக் காத்து, நண்பகலுக்குப் பிறகு உண்ணாமல் வாழும் தேரவாதத் துறவி யாரையும் அடிக்க மாட்டார். இதை இங்கே வாழும் நாம் மற்ற நாட்டு ஆட்டக்காரர்களைவிட நன்றாக அறிவோம். அதனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: புத்தரின் உருவத்தையோ பௌத்தத் துறவிகளின் சங்கத்தின் பெயரையோ கேரக்டர் ஷீட்டில் போடாதீர்கள். அது பக்கத்து வீட்டார் வணங்குவது. கற்பனை உலகில் கற்பனை மடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

ஆனால் இந்த மண்ணில் மங்குக்கு ஏற்ற சரக்கு ஏராளம். ஷின்பியூ சடங்கில் சிறுவன் துறவாடை அணிந்து, சில நாளோ சில மாதமோ மடத்தில் இருந்துவிட்டு வீடு திரும்புவது இங்கே சாதாரணம். ஆடையைக் களைந்துவிட்டு வருவதில் அவமானம் எதுவும் இல்லை. எனவே "மடத்தில் வளர்ந்தவன், இப்போது ஆடையைக் களைந்துவிட்டு வெளியே வந்திருக்கிறான்" என்ற பின்கதைக்கு நீங்கள் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. பர்மியத்தில் பள்ளிக்கும் மடத்துக்கும் சியாவுங் என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லிலிருந்தே உங்கள் மடம் எதைக் கற்றுக்கொடுத்தது என்ற கதை கிளம்பும்.

சண்டைக்கு லெத்வே என்ற பர்மியக் குத்துச்சண்டை இருக்கிறது. கையுறை இல்லாமல், துணியும் டேப்பும் மட்டும் சுற்றிய கை. முழங்கை, முழங்கால், கால், அதோடு தலையால் முட்டுவதும் அனுமதி. மங்கின் வெறுங்கை அடி என்பது கையால் மட்டும் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி அது குத்து, உதை, தலைமுட்டு எதுவாகவும் இருக்கலாம். இரண்டு கையாலும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டே உதைக்கலாம். இது சண்டைக்கணக்கிலும் உதவும். எப்படி என்று பிறகு வரும்.

நம் தமிழர் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து, பூக்குழி இறங்குபவரின் மன ஒடுக்கம்தான் ஃபோகஸ் பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாத்திரத்தை உங்களைவிட நன்றாக ஆட வேறு ஊரில் ஆள் கிடைக்காது. கம்பு வேண்டுமென்றால் சிலம்பம் இருக்கிறது. விதியில் அது குவார்ட்டர்ஸ்டாஃப்.

எண்களைப் போடுதல்

தொடக்க எண்கள் 15, 14, 13, 12, 10, 8. இவற்றை ஆறு குணங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மங்கின் தாக்குதல், சேதம், ஏ.சி. (நம்மை அடிக்க எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) மூன்றும் டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பு) நிற்கின்றன. ஏ.சி.யின் மறுபாதியும், ஸ்டன்னுக்கான டி.சி.யும் (எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண்) விஸ்டமில். உயிர்ப்புள்ளி (ஹெச்.பி.) கான்ஸ்டிடியூஷனில் (உடல்பலம்). மற்ற மூன்றும் எப்படி இருந்தாலும் ஆட்டம் ஓடும்.

இலவசத் தொகுப்பில் நான்கு பின்புலங்கள்தான் உள்ளன: அக்கோலைட், கிரிமினல், சேஜ், சோல்ஜர். மங்க் என்றதும் கை தானாக அக்கோலைட் பக்கம் போகும். போக விடாதீர்கள். அதில் டெக்ஸ் ஏறாது. எடுக்க வேண்டியது கிரிமினல். டெக்ஸ் +2, கான் +1 போடலாம். கூடவே அலர்ட் என்ற ஃபீட் (சிறப்புத் திறமை) வரும். அது சண்டையில் யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவில் புரொஃபிஷன்ஸி போனஸைக் (பயிற்சிக்கான கூடுதல் எண்) கூட்டும், தேவைப்பட்டால் நண்பரோடு முறையை மாற்றிக்கொள்ளவும் விடும். முதலில் ஓடிப்போய் எதிரி மந்திரவாதியைப் பிடிக்க வேண்டிய வகுப்புக்கு இதைவிட நல்ல ஃபீட் அந்தத் தொகுப்பில் இல்லை. பெயர் உறுத்தினால் கதையை மாற்றுங்கள். படகுத் துறையில் மூட்டைக்கு நடுவே வளர்ந்து, கை நீண்டதால் பிடிபட்டு, மடத்தில் ஒப்படைக்கப்பட்ட பையன் என்று எழுதினால் முடிந்தது.

ஆக முதல் லெவலில்: டெக்ஸ் 17, விஸ்டம் 14, கான் 14, இன்டெலிஜென்ஸ் 12, ஸ்ட்ரெங்த் 10, கரிஸ்மா 8. ஏ.சி. என்பது 10 + 3 + 2 (டெக்ஸ் 17க்கு +3, விஸ்டம் 14க்கு +2), அதாவது 15. ஹெச்.பி. 8 + 2, அதாவது 10.

முழு விதிநூல் யாரிடமாவது இருந்தால் செய்லர் பின்புலம் இன்னொரு நல்ல வழி. டெக்ஸ் 16, விஸ்டம் 16 வைத்து ஏ.சி. 16 ஆக்கலாம். ஆனால் கான் 13இல் நிற்கும், ஹெச்.பி. 9 ஆகும். ஒரு ஏ.சி.க்காக ஒவ்வொரு லெவலிலும் ஒரு உயிர்ப்புள்ளியை இழப்பீர்கள். கீழே சொல்லப்போகும், எதிரியைப் பிடித்து நிறுத்தும் கிராப்ளர் வழிக்கு டெக்ஸ் 17 நன்றாகப் பொருந்துவதால் இந்த வழிகாட்டி கிரிமினலையே பரிந்துரைக்கிறது.

இனத்தில் வுட் எல்ஃப் முதலிடம். வேகம் 35 அடி, இருட்டில் பார்வை, மங்கின் பட்டியலில் இல்லாத பெர்செப்ஷன் திறனையும் அதன் வழியாக எடுக்கலாம். கோலியாத்துக்கும் வேகம் 35தான்; ஐந்தாம் லெவலில் பெரிய உருவம் எடுக்கும் என்பதால் இன்னும் பெரிய மிருகங்களைப் பிடித்து நிறுத்தலாம். ஹாஃப்லிங்கும் நோமும் சிறிய அளவு. உங்களைவிட ஒரு அளவு பெரியது வரைதான் பிடிக்க முடியும் என்பதால், அவர்கள் மனித அளவுக்கு மேல் எதையும் பிடிக்க முடியாது. பிடித்து ஆடும் மங்க் வேண்டுமென்றால் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

திறன்களில் பின்புலம் ஸ்டெல்த்தைக் கொடுத்துவிடும். வகுப்பிலிருந்து அக்ரோபாட்டிக்ஸும் இன்சைட்டும் எடுங்கள்.

முதல் இரண்டு லெவல்: உயிரோடு இருப்பது

முதல் லெவலில் ஃபோகஸ் கிடையாது. உயிர் பத்துதான். ஓர்க் ஒருவன் நன்றாக ஒன்று போட்டால் கீழே. எனவே முதல் ஆளாகக் கதவைத் திறக்காதீர்கள்.

தொடக்கச் சாமானில் ஒரு ஈட்டியும் ஐந்து குத்துவாளும் வரும். ஈட்டியை இரு கையால் பிடியுங்கள். அப்போது அது டி8. வெறுங்கை இந்த லெவலில் டி6. ஆக்‌ஷனில் ஈட்டி, போனஸ் ஆக்‌ஷனில் உதை. இரண்டும் பட்டால் சராசரியாக 7.5 + 6.5. இந்த லெவலில் ஒரு டர்னுக்கு 14 சேதம் வேறு யாருக்கும் எளிதில் வராது. குத்துவாள் எறிவதற்கு: 20 அடி வரை சிரமமின்றி, 60 அடி வரை டிஸ்அட்வான்டேஜோடு (பகடையை இரண்டு முறை போட்டுச் சிறியதை எடுப்பது). எதிரி நெருங்கும்வரை எறிந்துகொண்டிருங்கள், நெருங்கியதும் ஈட்டி.

ஐந்தாம் லெவலில் வெறுங்கையே டி8 ஆகிவிடும். அதன்பிறகு, மந்திரம் ஏற்றிய ஈட்டி கிடைத்தால் ஒழிய, அதைச் சுமக்கத் தேவையில்லை. கை காலியாக இருப்பதுதான் லாபம்.

இரண்டாம் லெவலில் மூன்று விஷயங்கள் வரும்: ஃபோகஸ் பாயிண்ட் இரண்டு, வேகம் பத்து அடி கூடுதல், அன்கேனி மெட்டபாலிசம். கடைசியைப் பலர் மறந்தே போகிறார்கள். இனிஷியேட்டிவ் போடும் நேரத்தில், ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை, செலவழித்த ஃபோகஸ் எல்லாம் திரும்பும். அதோடு அடிப் பகடை எவ்வளவு விழுகிறதோ அவ்வளவும் உங்கள் லெவலும் சேர்ந்து ஹெச்.பி.யாக வரும். நாளின் முதல் சண்டையில் இதைப் பயன்படுத்தினால் பாதி வீண். இழந்தது எதுவும் இருக்காது. இரண்டாவது அல்லது மூன்றாவது சண்டைக்கு வையுங்கள். லெத்வேயில் விழுந்த வீரருக்கு ஒருமுறை மட்டும் இரண்டு நிமிட அவகாசம் கொடுத்து மீண்டும் எழ விடுவார்கள். இதையும் அப்படித்தான் நினைக்க வேண்டும்: ஒருமுறைதான், தேவைப்படும்போதுதான்.

போனஸ் ஆக்‌ஷன் ஒன்றுதான்

மங்க் ஆட்டத்தின் இதயம் இது. எல்லா நல்ல விஷயங்களும் போனஸ் ஆக்‌ஷனில் வந்து நெரிகின்றன. டர்னுக்கு அது ஒன்றுதான். செலவில்லாதவை மூன்று: ஒரு வெறுங்கை அடி, டிஸ்என்கேஜ் செய்து விலகுதல், டாஷ் செய்து ஓடுதல். ஒரு ஃபோகஸ் கொடுத்தால் அடி இரண்டாகும், இதுவே ஃப்ளரி. விலகுவதோடு, அடியிலிருந்து தப்ப உதவும் டாட்ஜும் சேரும். ஓடுவதோடு விலகலும் சேர்ந்து, குதிக்கும் தூரம் இரட்டிப்பாகும்.

டர்ன் வந்ததும் இப்படி யோசியுங்கள். நான் இருக்கிற இடத்திலேயே இருந்தால் அடுத்த ரவுண்டில் எத்தனை பேர் என்னை அடிக்க முடியும்? மூன்று பேர் என்றால் விலக வேண்டும். முதலில் அடித்துவிட்டு, போனஸில் டிஸ்என்கேஜ் எடுத்து, மிச்ச வேகத்தில் பின்வாங்குங்கள். ஒருவர்தான் என்றால் நின்று ஃப்ளரி. யாருமே எட்டவில்லை என்றால், அடிக்க வேண்டிய ஆள் தூரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம், ஓடுங்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. 2024 விதியில் போனஸ் அடிக்கு அட்டாக் ஆக்‌ஷன் தேவையில்லை. ஆக்‌ஷனை வீழ்ந்த நண்பருக்கு முதலுதவி செய்யவோ, கதவை அடைக்கவோ, டாட்ஜ் செய்யவோ கொடுத்துவிட்டு, அதே டர்னில் ஒரு உதையும் கொடுக்கலாம். இதைத் தெரிந்து ஆடும் மங்க் எந்த டர்னிலும் சும்மா நிற்பதில்லை.

லெவல் 3: ரியாக்‌ஷனைக் காப்பாற்றுங்கள்

மற்றவர் டர்னில் எடுக்கும் பதில் செயலான ரியாக்‌ஷனில் அடியைத் தடுக்கும் டிஃப்ளெக்ட் அட்டாக்ஸ் வந்ததும் மங்கின் உயிர் இரட்டிப்பான மாதிரி. உங்கள் மேல் பட்ட அடியில் டி10 + டெக்ஸ் + லெவல் அளவு குறையும். மூன்றாம் லெவலில் குறைந்தபட்சமே 7, சராசரி 11.5. டி6+2 சேதமுள்ள சாதாரண அம்பு அநேகமாக முழுதாக நின்றுவிடும். ஓகர் என்ற ராட்சதனின் கதாயுத அடி சராசரி 13. அதில் ஒன்றரைதான் உங்களுக்கு வந்து சேரும். அடி பூஜ்யமாகிவிட்டால் ஒரு ஃபோகஸ் கொடுத்து அதையே திருப்பி அனுப்பலாம்: இரண்டு அடிப் பகடை + டெக்ஸ்.

இங்கே எங்கு தவறுகிறது? ரியாக்‌ஷன் ரவுண்டுக்கு ஒன்றுதான். ஓடிப்போகும் கோப்லினைப் பார்த்ததும் கை துறுதுறுத்து ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் எடுத்துவிட்டால், அடுத்து வரும் பெரிய அடிக்குத் தடுப்பில்லை. பலத்த ஆள் ஒருவர் இன்னும் தன் டர்ன் எடுக்காமல் இருக்கும்போது ரியாக்‌ஷனைச் செலவழிக்காதீர்கள். அதேபோல, சிறிய அடி விழுந்ததும் உடனே தடுக்க வேண்டாம். மேசையில் யார் பெரிய சேதம் போடுகிறார் என்று பார்த்து வைத்திருங்கள். நெருப்பு, மின்னல் போன்றவற்றை இந்த லெவலில் தடுக்க முடியாது. அது பதின்மூன்றாம் லெவலில்தான் வரும்.

இதே லெவலில் துணைவகுப்பு. ஓப்பன் ஹேண்ட் எடுங்கள். ஃப்ளரியின் ஒவ்வொரு அடி படும்போதும் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: எதிரி ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் எடுக்க முடியாதபடி குழப்புவது, 15 அடி வரை தள்ளுவது, கீழே விழவைப்பது. அமரபுரத்து உ பெய்ன் பாலத்தைப் போல நீண்டு குறுகிய மரப்பாலத்தில் சண்டை நடந்தால் 15 அடித் தள்ளல் என்பது ஒரு எதிரியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது. டி.எம். வரைபடம் போட்டதும் விளிம்பு எங்கே, தண்ணீர் எங்கே, கிணறு எங்கே என்றுதான் மங்க் முதலில் பார்க்க வேண்டும்.

விழவைப்பதில் ஒரு எச்சரிக்கை. கீழே கிடப்பவரை அருகில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை போட்டுப் பெரியதை எடுப்பது), தூரத்திலிருந்து அம்பு விடுபவருக்கு டிஸ்அட்வான்டேஜ். அடுத்த டர்ன் வில்லாளி நண்பருடையது என்றால் விழவைக்காமல் தள்ளிவிடுங்கள்.

லெவல் 4: கிராப்ளர்

டெக்ஸை 17இல் வைத்ததற்குக் காரணம் இதுதான். கிராப்ளர் ஃபீட் டெக்ஸை ஒன்று கூட்டி 18 ஆக்கும். அட்டாக் ஆக்‌ஷனில் வெறுங்கை அடி ஒன்று பட்டால், டர்னுக்கு ஒருமுறை, அதே அடியில் சேதமும் கொடுத்துப் பிடியும் போடலாம். பிடிபட்டவரின் வேகம் பூஜ்யம். உங்களைத் தவிர வேறு யாரை அடித்தாலும் அவருக்கு டிஸ்அட்வான்டேஜ். உங்களுக்கோ அவர்மேல் அட்வான்டேஜ். மங்குக்கு மட்டும் பிடியின் டி.சி. டெக்ஸில் கணக்காகும்: நான்காம் லெவலில் 8 + 4 + 2, அதாவது 14.

உங்கள் அளவோ அதற்குக் குறைவோ உள்ளவரை முழு வேகத்தில் இழுத்துப் போகலாம். வுட் எல்ஃப் என்றால் 45 அடி. எதிரித் தலைவனை அவன் ஆட்களிடமிருந்து பிரித்து உங்கள் ஃபைட்டரின் காலடியில் கொண்டுவந்து போடுவது மேசையே எழுந்து நிற்கும் காட்சி. ஓகர் போன்ற பெரிய உருவத்தையும் பிடிக்கலாம். ஆனால் பாதி வேகத்தில்தான் இழுக்க முடியும். ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்லோ ஃபாலும் இதே லெவலில்தான். விழும்போது லெவலைப் போல் ஐந்து மடங்கு சேதம் குறையும், இப்போது 20. அறுபது அடியிலிருந்து விழுந்தால் சராசரி சேதம் 21. கூரையிலிருந்து குதிக்கப் பயப்படாதீர்கள்.

லெவல் 5: ஸ்டன், அதன் பிறகு மற்றதெல்லாம்

அட்டாக்கில் இரண்டு அடி, பகடை டி8, ஸ்டன்னிங் ஸ்ட்ரைக், ஃபோகஸ் ஐந்து. நான்கு அடியும் பட்டால் 34. ஏ.சி. 15 உள்ள எதிரியின் மேல் டி20இல் +7 சேர்த்து அடித்தால் நூற்றுக்கு 65 படும், ஆக ஃப்ளரி டர்னில் சுமார் 22 எதிர்பார்க்கலாம்.

ஸ்டன் டர்னுக்கு ஒருமுறைதான். எதிரி கான் சேவ் (தப்பிக்கும் பகடை) போட வேண்டும், நம் டி.சி. 8 + 3 + 2, அதாவது 13. கான் போனஸே இல்லாத மந்திரவாதி நூற்றுக்கு அறுபது முறை தோற்பார். +3 உள்ள ஓகர் நாற்பத்தைந்து முறைதான். எனவே குண்டான மிருகத்தின் மேல் ஃபோகஸைக் கொட்டாதீர்கள்; மெலிந்து பின்னால் நிற்பவர்தான் உங்கள் ஆள். சேவில் ஜெயித்தாலும் வேகம் பாதியாகி, அடுத்து அவர்மேல் விழும் ஒரு அடிக்கு அட்வான்டேஜ் கிடைக்கும் என்பதால், செலவு முழுதும் வீணாவதில்லை.

இப்போது வரிசை. ஸ்டன்னை முதல் அடியிலேயே முயல வேண்டும், கடைசி அடிக்கு வைக்கக் கூடாது. காரணம்: ஸ்டன் ஆனவர் மேல் எல்லா அடிக்கும் அட்வான்டேஜ், அவர் ஸ்ட்ரெங்த் சேவிலும் டெக்ஸ் சேவிலும் தானாகவே தோற்பார். அதாவது இரண்டாம் அடியில் போடும் பிடி கேள்வியில்லாமல் விழும். பிறகு ஃப்ளரியில் விழவைப்பதும் அப்படியே. முதல் அடி ஸ்டன், இரண்டாம் அடி பிடி, மூன்றாம் அடி கீழே, நான்காம் அடி வெறும் சேதம். ஃபோகஸ் செலவு இரண்டு. ஸ்டன் உங்கள் அடுத்த டர்ன் தொடக்கத்தில் போய்விடும், ஆனால் பிடி போகாது. வேகம் பூஜ்யமாக இருப்பவரால் எழுந்திருக்க முடியாது. கூட இருக்கும் அனைவரும் சுற்றி நின்று அட்வான்டேஜோடு அடிக்கலாம். வரிசையைத் தலைகீழாக்கிப் பிடியை முதலில் போட்டால் சேவ் உண்டு, விழவைப்பதற்கும் சேவ் உண்டு, கடைசியில் ஸ்டன் தோற்றால் எல்லாம் போச்சு.

ஒரு உதாரணம். ஆற்றுத் துறையில் எதிரி மந்திரவாதி. முன்னால் இரண்டு காவலர். போனஸில் ஒரு ஃபோகஸ் கொடுத்து விலகலோடு ஓடுங்கள், காவலர் யாரும் உங்களை அடிக்க முடியாது. ஆக்‌ஷனில் முதல் அடி, ஸ்டன். அவர் மனதில் பிடித்து வைத்திருந்த மந்திரம் அந்த நொடியே அறுந்துவிடும். இரண்டாம் அடி, பிடி. வேகம் மிச்சமிருந்தால் இழுத்துக்கொண்டு திரும்புங்கள். அவர் டர்ன் வீண். அடுத்த டர்னில் கவனம்: மிஸ்டி ஸ்டெப் தெரிந்தவர் என்றால் பிடி அவரைத் தடுக்காது, ஒரு சொல் சொல்லி நழுவிவிடுவார். அவருக்கு மீண்டும் ஸ்டன் முயல வேண்டும். மிச்சம் மூன்று ஃபோகஸ் அதற்குத்தான். 2024 விதியில் ஸ்டன் ஆனவர் ஆக்‌ஷன் எதுவும் எடுக்க முடியாவிட்டாலும் நடக்க முடியும் என்பதையும் கவனியுங்கள். பிடியும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

ஃபோகஸ் கணக்கு

ஐந்தாம் லெவலில் கையில் ஐந்து. மெட்டபாலிசத்தால் இன்னொரு ஐந்து. ஒவ்வொரு குறுகிய ஓய்விலும் ஐந்து. நாளில் இரண்டு முறை ஒரு மணிநேர ஓய்வு கிடைத்தால் மொத்தம் இருபது. ஓய்வே இல்லாவிட்டால் பத்து. ஆக மங்க் ஆடுபவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். "அண்ணே, கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணிநேரம் உட்கார்ந்துட்டுப் போவோம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். வார்லாக்கும் ஃபைட்டரும் உங்கள் பக்கம் நிற்பார்கள், அவர்களுக்கும் அதில்தான் பலம் திரும்பும். விசார்ட்தான் முணுமுணுப்பார்.

சின்னச் சண்டையில் ஃபோகஸ் தொடவே வேண்டாம். செலவில்லாத போனஸ் அடியே போதும்.

வேறு வகுப்போடு கலக்காதீர்கள். ஃபோகஸ் எண்ணிக்கை, அடிப் பகடை, வேகம் எல்லாம் மங்க் லெவலைப் பார்த்தே ஏறும். வேறு வகுப்பில் இரண்டு லெவல் எடுப்பது இரண்டு ஃபோகஸைத் தூக்கிப் போடுவது.

மேலே போகப் போக

ஆறில் அடியை ஃபோர்ஸ் சேதமாக மாற்றலாம், வேகம் இன்னும் ஐந்து அடி ஏறும். ஓப்பன் ஹேண்டுக்குப் போனஸ் ஆக்‌ஷனில் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் வழியும் வரும். ஏழில் இவேஷன்: டெக்ஸ் சேவில் ஜெயித்தால் ஃபயர்பால் உங்களை ஒன்றும் செய்யாது. எட்டில் டெக்ஸை 20 ஆக்குங்கள். ஒன்பதில் சுவரிலும் நீர்மேலும் ஓடலாம். பத்தில் ஃப்ளரி மூன்று அடியாகும். அந்த லெவல் வரும்போது மேசையே உங்கள் டர்னுக்குக் காத்திருக்கும். பன்னிரண்டிலிருந்து விஸ்டமைக் கூட்டுங்கள், ஸ்டன்னின் டி.சி. பின்தங்கிப் போயிருக்கும். பதினான்கில் எல்லா சேவிலும் புரொஃபிஷன்ஸி.

பொருட்களில் பிரேசர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள், கவசமில்லாதவருக்கு ஏ.சி. +2. யாராவது அன்பாகத் தோல் கவசமோ கேடயமோ கொடுத்தால் வாங்காதீர்கள். அணிந்த மறுகணம் போனஸ் அடி, டெக்ஸ் வைத்து அடிப்பது, கூடுதல் வேகம் எல்லாம் போய்விடும். விசார்ட் மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் போடுகிறேன் என்றால் ஏ.சி. கணக்கு இரண்டில் ஒன்றுதான் செல்லும்: அது 13 + டெக்ஸ், உங்களுடையது 10 + டெக்ஸ் + விஸ்டம். விஸ்டம் 14 வரை அதில் ஒரு புள்ளி லாபம் உண்டு, 16 ஆனதும் எதுவும் இல்லை.

மேசையில் தேவைப்படும் சாமான்

பலபக்கப் பகடை எல்லா ஊரிலும் கிடைக்காது. போன் செயலி போதும், ஆனால் கரண்ட் போய் போனில் சார்ஜும் இறங்கினால் ஆட்டம் நிற்கக் கூடாது. ஒரு சீட்டுக்கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டினில் ஏஸ் முதல் பத்து வரை 1–10, ஸ்பேடில் ஏஸ் முதல் பத்து வரை 11–20. இந்த இருபதும் கலந்தால் டி20. கிளாவரில் ஏஸ் முதல் பத்து டி10, எட்டு வரை எடுத்தால் டி8. டி6க்குத் தாயக்கட்டம் விற்கும் கடையில் கிடைக்கும் சாதாரணப் பகடை. ஒரு விதி மட்டும் முக்கியம்: ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் சீட்டைத் திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் 20 வெளியே போனபின் அது மறுபடி வராது, கணக்கே மாறிவிடும்.

ஃபோகஸுக்குப் புளியங்கொட்டை. லெவலுக்கு எத்தனையோ அத்தனை எடுத்து முன்னால் வையுங்கள்; செலவழிக்கும்போது டி.எம். பக்கம் தள்ளுங்கள். பென்சிலால் அடித்து அழிப்பதைவிட இது தெளிவு, எல்லாருக்கும் தெரியும். ரியாக்‌ஷனுக்கு ஒரு பாட்டில் மூடி: இருந்தால் நிமிர்ந்திருக்கும், போனால் கவிழ்ந்திருக்கும், உங்கள் டர்ன் தொடங்கும்போது மீண்டும் நிமிர்த்துங்கள். வரைபடத்துக்குக் கணக்கு நோட்டின் கட்டம் போதும், ஒரு கட்டம் ஐந்து அடி. அடிக்கணக்கு இங்கே இன்றும் புழங்குவதால் யாருக்கும் மீட்டரில் மாற்றிச் சொல்லும் வேலையில்லை.

தமிழ் எழுத்துப் படிப்பவரும் பர்மிய எழுத்து மட்டும் படிப்பவரும் ஒரே மேசையில் உட்காருவது நம்மிடம் சகஜம். எனவே ஷீட்டை எழுத்தால் நிரப்பாமல் மூன்று பெரிய கட்டம் போடுங்கள்: ஆக்‌ஷன், போனஸ், ரியாக்‌ஷன். முதலில் ஒரு முஷ்டி, இரண்டாவதில் ஒரு கால், மூன்றாவதில் விரித்த உள்ளங்கை வரைந்துவிட்டால் போதும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் எண்ணை மட்டும் எழுதுங்கள்: +7, டி8+4, டி.சி. 13, பிடி 15, தடுப்பு டி10+9.

பாத்திரமாகப் பேசும்போது

மங்க் என்றால் எப்போதும் தத்துவம் பேச வேண்டும் என்று நினைத்துப் பலர் அரை மணியில் களைத்துவிடுகிறார்கள். அதைவிட ஒரு விரதத்தைத் தேர்ந்தெடுங்கள். நண்பகலுக்குப் பிறகு உண்ணாதவர், சரணடைந்தவரை அடிக்காதவர், பொய் சொல்லாதவர், இதில் ஒன்று. ஒன்று மட்டும். டி.எம்.மிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதை முறிக்கத் தூண்டும் சூழல்களை அவர் கொண்டுவருவார், கதை தானே நகரும். பொய் சொல்லாத மங்கிடம் காவலன் வந்து "உள்ளே யார் ஒளிந்திருக்கிறார்கள்" என்று கேட்கும்போது மேசை அமைதியாகும் பாருங்கள்.

குருவுக்கு ஒரு பெயரும், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உடல் அசைவும் வேண்டும். லெத்வே வீரர்கள் எதிராளியைச் சவாலுக்கு அழைக்கும்போது மடக்கிய இடதுகையில் வலது உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார்கள். இனிஷியேட்டிவ் போடும்போது அதை நீங்கள் மேசையில் செய்யுங்கள். மெட்டபாலிசம் எடுக்கப் போகிற நாளில் இரண்டு முறை தட்டுங்கள். மூன்றாவது வாரத்தில் டி.எம். அந்தத் தட்டலைக் கேட்டதுமே புளியங்கொட்டைகளை உங்கள் பக்கம் திருப்பித் தள்ள ஆரம்பித்துவிடுவார்.